சமவெளியில் ஒரு மலை

சனிக்கிழமை மாலைகளில் நாம் செய்துவரும் காரியம் ஒன்றைப் பற்றி வாசகர்களிடம் இதுவரை பிரஸ்தாபிக்கவில்லை. வெட்கமே காரணம். தலை நரைத்த ஐந்து பேர் தட்டை வடையும் தேநீருமாக ஒரு வீட்டு மண்டபத்திற் கூடி, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அமெரிக்கர் தம் பிள்ளைகுட்டிகளோடு உட்கார்ந்து அழுத தொலைக்காட்சி நாடகமொன்றை முதலிலிருந்து பார்த்து வருகிறோம் என்றால், கேட்பவர் என்ன நினைப்பர்? ஆயினும் கடந்த வாரம் கடைசித் தட்டும் ஓடி முடிந்துவிட்டது. இனி மறைப்பதிற் பயனில்லை.

நாடகத்தின் பெயர் ‘லிட்டில் ஹவுஸ் ஒன் த பிரெய்ரி’. புல்வெளியிலே ஒரு சிறுவீடு என்று பொருள் கொள்ளலாம். 1974ஆம் ஆண்டு முதல் 1983ஆம் ஆண்டு வரை என்.பி.சி. நிறுவனம் ஒளிபரப்பியது. குதிரை வண்டியில் மேற்கு நோக்கிப் போய், வால்நட் குரோவ் என்னும் சிற்றூரில் வீடு கட்டி வாழும் இங்கல்ஸ் குடும்பத்தின் கதை அது. தந்தை சார்ள்ஸ், தாய் கரொலைன், பெண்மக்கள் மேரி, லோரா, கரி. இவர்கள் உண்மையாகவே வாழ்ந்தவர்கள். நடுமகள் லோரா இங்கல்ஸ் வைல்டர் தமது அறுபத்தைந்தாம் வயதில், 1932இல், முதற் புத்தகத்தை வெளியிட்டு, தொடர்ந்து தம் இளமைக் காலத்தை வரிசையாக எழுதினார். அப்புத்தகங்களை ஆதாரமாகக் கொண்டதே இந்நாடகம். எவ்வளவு ஆதாரம் என்பதிலேதான் நமது சனிக்கிழமைச் சண்டைகள் தொடங்கின.

கூட்டத்தாரை அறிமுகஞ் செய்துவிடுவோம். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற நில அளவையாளர். அவருடைய மனைவியாரை நாம் எல்லோரும் அக்கா என்போம். மூன்றாமவர் முப்பது வருடம் பூமிசாத்திரம் படிப்பித்த மாஸ்டர். நான்காமவர் மருந்தாளர். ஐந்தாவது நாம், எழுதுவதைத் தவிர வேறு தொழில் அறியோம். அக்கா முதல் நாளே ஒரு சட்டம் இயற்றினார். வெறும் பிஸ்கற் தகரம் ஒன்று மேசையில் வைக்கப்பட்டது. நாடகத்தைப் பார்த்துக் கண் கலங்குபவர் அதனுள் இருபது ரூபாய் இடவேண்டும். தூசி விழுந்துவிட்டது, வடையில் உறைப்புக் கூடிவிட்டது என்னும் சமாதானங்கள் ஏற்கப்படா.

“என் காசுக்கு ஆபத்தில்லை,” என்றார் மாஸ்டர். அவர் சொன்னதற்குக் காரணம் இருந்தது. தொடக்கக் காட்சியிலேயே அவர் நாடகத்தின்மேல் நம்பிக்கை இழந்துவிட்டார். ஒரு குன்றின் உச்சியில் வண்டி நிற்கிறது. பூத்த புற்சரிவிலே மூன்று சிறுமியர் ஓடி வருகின்றனர். கடைசிப் பெண் கால் தடுக்கி விழுகிறாள். விழுந்த பிள்ளையை எல்லோரும் பார்த்துச் சிரிக்க, மாஸ்டர் மட்டும் பிள்ளைக்குப் பின்னாலே இருந்த மலைகளைச் சுட்டினார்.

“வால்நட் குரோவ் மினசோட்டாவின் தென்மேற்கில் இருக்கிறது. அது சமவெளி. இந்த மலைகள் அங்கே எப்படி வந்தன?”

வந்தது மலையன்று; வால்நட் குரோவ்தான் மலை இருக்குமிடத்துக்குப் போயிருந்தது. படப்பிடிப்புக்கென ஊரைக் கலிபோர்ணியாவிலே, சிமி பள்ளத்தாக்கில் உள்ள பண்ணையொன்றில் எழுப்பியிருந்தனர். காய்ந்த குன்றுகளும் ஓக் மரங்களும் அங்குள்ளவை. இதனை நாம் எடுத்துக் கூறியும் மாஸ்டர் சமாதானமடையவில்லை. அன்று தொட்டு, திரையிலே குன்று தோன்றும்போதெல்லாம் அவர் கையை உயர்த்தி, “மலை!” என்பார். பாடசாலையில் வரவு கூப்பிடுவதுபோல் இருக்கும்.

தந்தையாரின் முகமும் தகராறுக்குரியதே. மெய்யான சார்ள்ஸ் இங்கல்ஸ் நெஞ்சைத் தொடும் தாடிக்காரர்; புகைப்படம் இருக்கிறது. நாடகத்திலே அவராக நடித்த மைக்கல் லாண்டன், விதை முதலுக்கே கடன் வாங்கும் விவசாயியாயினும், அன்றாடம் முகச்சவரம் செய்து, சுருண்ட கேசத்தோடு காட்சி தருகிறார். 1959 முதல் 1973 வரை ‘பொனான்சா’ தொடரில் இளைய மகனாக நடித்துப் பெயர் பெற்ற அவர், இங்கே நடிகராக மட்டுமன்றி, தயாரிப்பாளராகவும் நெறியாளராகவும் கதாசிரியராகவும் இருந்தார். புத்தகங்களின் உரிமையை வாங்கித் தொடக்கி வைத்தவர் எட் பிரெண்ட்லி என்பவர். புத்தகத்தில் உள்ளபடி எடுக்கவேண்டும் என்று அவர் நின்றார். லாண்டன் தம் வழியில் நின்றார். பிரெண்ட்லி விலகிப் போனார். தாடி வராமைக்கு இதுவே வரலாறு. மரம் பிளக்கும்போது சட்டையைக் கழற்றும் வழக்கம் எந்தப் புத்தகத்திலிருந்து எடுக்கப்பட்டது என மருந்தாளர் கேட்டார். அக்கா, “அதையும் பார்க்கத்தானே அமெரிக்கப் பெண்கள் இருந்தார்கள்,” என்றார். அவருடைய கணவர் தேநீரிலே கவனமாயிருந்தார்.

நெலி ஒலேசன் திரைக்கு வந்தால் நாம் ஐவரும் நிமிர்ந்து உட்காருவோம். நல்லவர்களைப் பார்த்துக் கொண்டேயிருந்தால் கண் அயரும் என்பது உலகறிந்த உண்மை. கடைக்காரர் மகள், மஞ்சட் சுருட்டைமயிர், வாயைத் திறந்தால் நஞ்சு. அந்தச் சுருட்டைமயிர் பொய்மயிர் என்று தெரிந்தபோது நமக்கு ஏற்பட்ட திருப்தி கொஞ்சமன்று. நெலியாக நடித்த அலிசன் ஆர்ங்கிரிமும் லோராவாக நடித்த மெலிசா கில்பேர்ட்டும் படப்பிடிப்புக்கு வெளியே உற்ற தோழியர். திரையிலே ஒருத்தியை ஒருத்தி சேற்றிற் புரட்டி எடுத்தார்கள்.

1976இல் வந்த கதை ஒன்று. குதிரையிலிருந்து விழுந்த நெலி, நடக்க முடியவில்லை என்று பாசாங்கு செய்து சக்கர நாற்காலியில் அமர்ந்து, லோராவைப் பணிப்பெண்போல் ஆட்டிவைக்கிறாள். உண்மை வெளிப்பட்டதும், லோரா நாற்காலியைக் குன்றின் விளிம்புக்குக் கொண்டுபோய்த் தள்ளிவிடுகிறாள். அலறிக்கொண்டு உருண்டு சென்ற நெலி நீரிலே போய் விழுகிறாள். அன்று மாஸ்டர் கையை உயர்த்தவேயில்லை. “இதற்காவது மலை பயன்பட்டதே,” என்றார். இக்காட்சியைத் திரும்பத் திரும்ப நான்கு முறை பார்த்தோம் என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

நெலி என்னும் பாத்திரம் மூன்று பெண்களைச் சேர்த்துப் பிசைந்து செய்யப்பட்டது. அவர்களில் ஒருத்தி மெய்யாகவே வால்நட் குரோவிற் கடை வைத்திருந்தவரின் மகள். புத்தகங்களில் நெலி முதன்முதலாகத் தலைகாட்டும் ‘ஒன் த பாங்க்ஸ் ஒவ் பிளம் கிறீக்’ வெளியான ஆண்டு 1937. அப்போது எழுதியவருக்கு வயது எழுபது. பள்ளிக்கூடத்துப் பகையை எழுபது வயதுவரை ஆறாமல் வைத்திருந்து, அச்சிலேற்றித் தீர்த்துக்கொண்ட அம்மையாரை நாம் மனமாரப் போற்றினோம். நெலியின் தாயாராக வரும் கதரின் மக்கிரெகரின் நடிப்புக்கோ ஈடில்லை. அந்தக் குரலைக் கேட்டு அவருடைய கணவர் நெல்ஸ் கண்ணை மூடிக்கொள்ளும் ஒவ்வொரு தடவையும் நமது நில அளவையாளர் அனுதாபத்தோடு தலையசைப்பதை அக்கா கவனித்துக்கொண்டுதான் இருந்தார்.

மருந்தாளர் ஒரு கொப்பி வைத்திருந்தார். வால்நட் குரோவுக்கு நேர்ந்த அனர்த்தங்கள் அனைத்தும் அதிற் பதிவாகும். ஆலங்கட்டி மழையிற் பயிர் அழிவு. எலி பட்ட சோளமாவினாற் பரவிய காய்ச்சல். 1980ஆம் ஆண்டுக் கதையிலே, நிலவறையில் ஒளித்துப் புகைத்த ஒரு புகைக்குழாயினால் விழிப்புலனற்றோர் பாடசாலை எரிந்து போதல். “இந்த ஊரில் ஒரேயொரு வைத்தியர், அவருக்குக் கோழியையும் முட்டையையும் கூலியாகக் கொடுக்கிறார்கள். நானாக இருந்தால் இரண்டாம் வருடமே இடமாற்றம் கேட்டிருப்பேன்,” என்றார். ஆனால் அவரை முற்றாக நிலைகுலைய வைத்தவன் வளர்ப்பு மகன் அல்பேர்ட். சொந்த வாழ்க்கையில் இல்லாத பிள்ளை; நாடகத்துக்கெனச் சேர்க்கப்பட்டவன். 1983இல் ஒளிபரப்பான கதையிலே அவன் மோர்பின் பழக்கத்திலிருந்து மீள்கிறான். பிற்காலத்தில் டொக்டராகி ஊருக்குத் திரும்பினான் என்றும் லோராவின் குரல் சொல்கிறது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த தனிப்படத்திலோ அவனுக்குத் தீராத இரத்தப் புற்றுநோய். இறந்தவன் டொக்டரானதை எந்தப் பக்கத்திற் பதிவது என்று மருந்தாளர் கொப்பியோடு தவித்தார்.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த நாம், முதலாண்டுத் தட்டுகளின் நடுவிலேயே ஒரு முறை தடுக்கி விழுந்தோம். அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று.

1974 டிசம்பரில் வந்த கதை அது. கரொலைனுக்கு ஆண்குழந்தை பிறக்கிறது. தந்தையின் அன்பெல்லாம் அதன்மேற் போகிறதென்று லோராவுக்குப் பொறாமை. குழந்தை நோயுற்றபோது அதற்காகப் பிரார்த்திக்க அவள் மனம் இசையவில்லை. குழந்தை இறந்துவிடுகிறது. தன்னாலேதான் இறந்தது என்று எண்ணிய சிறுமி, கடவுளுக்குக் கிட்டப் போய், தன்னை எடுத்துக்கொண்டு தம்பியைத் திருப்பிக் கொடுக்கும்படி கேட்பதற்காக, வீட்டை விட்டு வெளியேறி மலையேறுகிறாள். சாதாரணக் குன்றன்று, பெருமலை. பூமிசாத்திரத்துக்கு இதைவிடப் பெரிய அவமதிப்பு இருக்க முடியாது. நாம் மாஸ்டரின் கையைப் பார்த்தோம். கை மடியிலேயே இருந்தது. லோரா ஏறிக்கொண்டிருந்தாள். சிறிது நேரங்கழித்துத் தகரத்துக்குள் ஒரு கடதாசி நோட்டு விழும் ஓசை கேட்டது. யார் இட்டார் என்று எவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு இதைப் பற்றிப் படித்தோம். இங்கல்ஸ் குடும்பத்தில் மெய்யாகவே ஓர் ஆண்குழந்தை பிறந்தது. 1875 நவம்பரிற் பிறந்து, 1876 ஓகஸ்டில், ஒன்பது மாதத்தில் இறந்தது. அதன் பெயர் சார்ள்ஸ் பிரெடெரிக். லோரா அம்மையார் சிறுவர்க்கென எழுதிய புத்தகங்களில் இக்குழந்தையைப் பற்றி ஒரு சொல்லுமில்லை. நெலியைப் பழிவாங்க எழுபது வயதிலும் மறவாதவர், தம்பியை மட்டும் எழுதாமல் விட்டார். முதியோர்க்கென அவர் முன்னரே எழுதி, அச்சேறாமற் கிடந்து, 2014இல்தான் முழுமையாக வெளிவந்த தன்வரலாற்றில் அந்த மரணம் இருக்கிறது. ஆக, இல்லாத மலையைக் கொண்டுவந்து வைத்த நாடகம், புத்தகங்கள் சொல்லாத சாவைச் சொல்லியிருக்கிறது. “மலை பொய்தான், மாஸ்டர். ஆனால் அந்தப் பிள்ளை ஏறுவதற்கு ஏதாவது வேண்டுமே,” என்றார் அக்கா. மாஸ்டர் மறுத்துரைக்கவில்லை. அதற்குப் பின் அவர் “மலை” என்று கூவும் குரலிற் சுருதி குறைந்தது.

அன்று தொட்டு நாடகத்தையும் வரலாற்றையும் பக்கத்திற் பக்கம் வைத்துப் பார்க்கத் தொடங்கினோம். மலையும் தாடியும் சிறு பொய்கள். பெரும்பொய் வேறு: அந்தக் குடும்பம் ஒரே ஊரிலே ஆண்டுக்கணக்கில் வேரூன்றி இருந்தது என்பதே அது. மெய்யான இங்கல்ஸ் குடும்பம் அப்படி இருக்கவில்லை. லோரா 1867இல் விஸ்கொன்சினிற் பிறந்தார். 1869இல் கன்சாசுக்குப் போனார்கள். 1871இல் விஸ்கொன்சினுக்குத் திரும்பினார்கள். 1874இல் வால்நட் குரோவ். அங்கே ஓடைக்கரை மண்ணைக் குடைந்து செய்த குடிலிலே முதல் வாசம். அடுத்தடுத்து வெட்டுக்கிளிகள் விளைச்சலைத் தின்றன. நாடகத்து ஆலங்கட்டி ஒரு நாளில் ஓய்ந்துவிடும். மெய்யான வெட்டுக்கிளி முட்டையிட்டு மறு வருடமும் வந்தது. 1876இல் நிலத்தை விற்று வெளியேறினார்கள். வழியிலேதான் குழந்தை இறந்தது. அயோவாவிலுள்ள பர் ஓக் என்னும் ஊரிலே ஒரு விடுதியிற் குடும்பமாக வேலை செய்தார்கள். கடனைத் தீர்க்க வழியின்றி 1877இல் இரவோடிரவாக அவ்வூரை நீங்கினார்கள். மீண்டும் வால்நட் குரோவ். 1879இல் மேரி கண்பார்வை இழந்தார். அவ்வாண்டே டக்கோட்டாப் பிரதேசம்.

மேரி நாடகத்தில் மணஞ்செய்து கொள்கிறார். மெய்யான மேரி மணஞ்செய்யவில்லை. அயோவாவிலிருந்த விழிப்புலனற்றோர் கல்லூரியிற் பயின்று, பெற்றோரிடந் திரும்பி வாழ்ந்தார். பார்வை போனதற்குப் புத்தகம் செங்காய்ச்சலைக் காரணமாகச் சொல்கிறது. மூளையையும் அதன் உறையையும் தாக்கும் வைரசுக் காய்ச்சலே காரணமாகலாம் என 2013இல் வைத்திய ஆய்வாளர் எழுதினர். இதைச் சொல்லும் உரிமை தமக்கே உண்டென்று மருந்தாளர் கேட்டுக்கொண்டமையால் ஈண்டு குறித்தோம்.

இந்தப் பெயர்வுகளை நாம் கடதாசியில் எழுதி வாசித்தபோது அக்கா விரல் மடித்து எண்ணினார். “நாங்களும் ஏழு வீடு,” என்றார். பின்னர், “அந்தம்மா ஒவ்வொரு முறையும் பாத்திரம் பண்டங்களை வைக்கோலிற் சுற்றி வைத்திருப்பாள். அதை ஏன் காட்டவில்லை?” என்று கேட்டார். கேள்விக்கு விடை எம்மிடம் இருக்கவில்லை. நில அளவையாளர் எழுந்துபோய் மின்விசிறியைக் கூட்டிவிட்டு வந்தார்.

அவர் வாய் திறந்தது கன்சாஸ் விடயத்திலேதான். முதற்படத்திலே சார்ள்ஸ் புல்வெளியில் வண்டியை நிறுத்தி, இதுதான் நம் இடம் என்கிற பாவனையில் மரம் வெட்டத் தொடங்கிவிடுகிறார். “உறுதி எங்கே? எல்லைக்கல் எங்கே?” என்றார் நண்பர். நாற்பது வருடம் சங்கிலியும் கோலும் பிடித்தவருக்கு அதுவன்றி வேறெதுவும் கண்ணிற் படவில்லை. அவர் கேட்டது சரியான கேள்வி. 1862ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பொதுநிலத்தில் 160 ஏக்கரை எடுத்து ஐந்து வருடம் குடியிருந்து திருத்தியவருக்கு அது சொந்தமாகும். பிற்காலத்தில் டக்கோட்டாவிலே சார்ள்ஸ் அவ்வாறே நிலம் எடுத்தார். ஆனால் கன்சாசில் அவர் வீடு கட்டியது பொதுநிலத்திலன்று. அது ஒசேஜ் குடிகளுக்கென எஞ்சியிருந்த ஒதுக்குநிலம். உத்தரவின்றிப் புகுந்தவர்கள் பலர். அவர்களில் இவரும் ஒருவர். 1870இல் அமெரிக்கக் காங்கிரஸ் சட்டமியற்ற, ஒசேஜ் மக்கள் தம் நிலத்தை விட்டு, இன்றைய ஒக்லகோமாவுக்குப் பெயரவேண்டியதாயிற்று. மறுவருடம் இங்கல்ஸ் குடும்பமும் வண்டி பூட்டியது. நாடகத்தில் அரசாங்கத்தின் ஆணையினால் அவர்கள் வீட்டை விட்டுப் போகும்போது நம் நெஞ்சு கரைகிறது. அவர்களுக்கு முன் அங்கிருந்தவர் போனதற்கு இசை வாசிப்பார் இல்லை.

1935இல் வெளிவந்த புத்தகத்திலே, அந்தப் புல்வெளியில் மனிதரே இல்லை, இந்தியரே இருந்தனர் என்னும் கருத்துப்பட ஒரு வாக்கியம் இருந்தது. வாசகர் ஒருவர் சுட்டிக்காட்ட, 1953இல் மனிதர் என்ற சொல் நீங்கிக் குடியேறியோர் என்ற சொல் இடம்பெற்றது. அம்மையாரின் பெயரால் அமெரிக்க நூலகச் சங்கப் பிரிவொன்று வழங்கிவந்த சிறுவர் இலக்கிய விருதின் பெயரும் 2018இல் மாற்றப்பட்டது. இதை அறிந்தபின் தட்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று மருந்தாளர் கேட்டார். “குற்றம் உள்ள மனிதரை நீங்கள் பார்த்ததில்லையா? பார்த்துக்கொண்டே கேளுங்கள்,” என்று அக்கா தீர்ப்பு வழங்கினார். பார்த்துக்கொண்டே கேட்டோம்.

இனி முடிவுக்கு வருவோம். தொடர் நின்றபின் மூன்று தனிப்படங்கள் வந்தன. 1984 பெப்ரவரியில் வந்த ‘த லாஸ்ட் பெயர்வெல்’ படத்திலே, வால்நட் குரோவ் முழுவதும் தனக்கே சொந்தமென ஒரு செல்வந்தன் உறுதியோடு வந்து நிற்கிறான். நில அளவையாளர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். சட்டம் அவன் பக்கம். நிலம் அவனுடையது, ஆனால் கட்டடங்கள் தம் கையாற் கட்டியவை என்று ஊரார் தீர்மானித்து, வீடு வீடாக, கடை கடையாக வெடிவைத்துத் தகர்க்கிறார்கள். இது வெறும் கதையன்று. படப்பிடிப்பு முடிந்ததும் பண்ணை நிலத்தைப் பழைய நிலையில் ஒப்படைப்பதாக உடன்பாடு இருந்தது. ஆட்களை வைத்துப் பிரிப்பதிலும் பார்க்க ஊரார் கையாலேயே இடிபடட்டும் என்று லாண்டன் கதையையே அதற்கேற்ப எழுதிவிட்டார். ஒலேசன் கடை பறந்தது. தேவாலயமும் சிறுவீடும் மாத்திரம் எஞ்சின. ஒருவரும் பேசவில்லை. அக்காவைப் பார்த்தோம், அவர் கண்ணிலே நீரில்லை, வாய் மட்டும் இறுகியிருந்தது. நில அளவையாளரோ, இதுவரை ஒரு சதமும் இடாதவர், ஐந்நூறு ரூபாய்த் தாளை எடுத்து மடித்துத் தகரத்துள் வைத்தார். மீதி கேட்கவில்லை.

அவ்வளவில் முடிந்ததென்று எழும்பினோம். பெட்டியில் இன்னுமொரு தட்டு இருந்தது. அது 1984 டிசம்பரில் ஒளிபரப்பான நத்தார்ப் படம். ஊர் இடிவதற்கு முந்திய கதையைப் பிந்திக் காட்டியிருக்கிறார்கள். சென்ற வாரம் அதைப் போட்டோம். பத்து மாதங்களுக்கு முன் வெடிவைத்துத் தகர்த்த ஊர்மக்கள், ஒன்றுமே நடவாததுபோல், பழைய இடத்திலேயே குடியிருக்கிறார்கள்.

மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை. “இதென்ன அநியாயம்! தகர்த்த ஊர் திரும்ப முளைக்குமா? வரிசையைத் தவறவிட்டுவிட்டார்கள்!”

“சும்மா இருங்கோ மாஸ்டர்,” என்றார் அக்கா. “இருக்கட்டும். வடையை எடுத்துக்கொண்டு பாருங்கோ.”

மாஸ்டர் வடையை எடுத்துக்கொண்டார். சாளரத்துக்கு வெளியே, மினசோட்டாவிலே, ஒரு மலை தெரிந்தது.